ஹிர்லும் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

அபெரிஸ்ட்வித்,
12 நவம்பர் 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இது அலுவலகக் கடிதம்.

நான் நம் மொழி அகராதி வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் ஹிர்லும் என்ற சொல் என் மேசைக்கு வந்திருக்கிறது. மலைப் பண்ணைகளில் இந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை சொல்கிறார்கள் என்று கேட்டுப் பல ஊர்களுக்கு எழுதியிருக்கிறேன். நம் பள்ளத்தாக்கில் உங்களை விட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

இத்துடன் வெற்றுச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். சொல்லின் பொருளை எழுதி, அதன் கீழே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியம் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும். சொன்னவர் யார், எங்கே, எந்த நாளில் என்பதும் வேண்டும். நாமே உட்கார்ந்து ஜோடிக்கிற வாக்கியம் எங்களுக்கு ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லவ்ரி


டின் ரோஸ்,
25 நவம்பர் 1962

லவ்ரி,

முதல் தடவை படித்தபோது யாரோ வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நீ என்று தெரிந்தது. எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? பக்கெட்டைத் தூக்கி என் மண்டையில் எறிந்தவள் நீ. வடு இன்னும் இருக்கிறது. ஒழுங்காக 'நீ' என்று எழுது.

ஹிர்லுமில் என்ன அர்த்தம் வேண்டியிருக்கிறது? ஹீர் என்றால் நீளம். லும் என்றால் ஒன்றும் இல்லாதது. புல் இல்லாத வயலும் லும், நூல் தெரியத் தேய்ந்த கோட்டும் லும், மேசை நாற்காலி இல்லாத வீடும் லும். இரண்டையும் சேர்த்தால் ஹிர்லும். இதற்கு ஒரு அலுவலகம், ஒரு சம்பளம். நல்ல பிழைப்பு.

சரி, கேட்டாய், சொல்கிறேன். பனி கொட்டுகிற நாள் ஹிர்லும் இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் ஹிர்லும். பிப்ரவரி, மார்ச், சில வருடம் ஏப்ரல் பாதி. பழைய புல் தீர்ந்துகொண்டே வரும், புதுப்புல் வந்திருக்காது. ஆடு சினையாக இருக்கும், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். வெயில்கூட அடிக்கும். அடித்து என்ன செய்ய, கடிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பிப்ரவரி இரண்டு, மரியாள் திருநாளன்று கொட்டகையில் பாதிப் புல் மிச்சம் இருக்க வேண்டும். அப்பா அந்தக் கோலை எடுத்துக்கொண்டு மேல் கொட்டகைக்கு ஏறிப் போய் அளந்துவிட்டு வருவாரே, நினைவிருக்கிறதா? பாதி இருந்தால் ஹிர்லுமைத் தாண்டலாம். பாதிக்குக் கீழே போனால் அன்றைக்கு அப்பா சாப்பாட்டில் வாய் திறக்க மாட்டார். கோல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்தான் அளக்கிறேன்.

எது வரைக்கும் என்று கேட்டால், கீழ் வயலில் முதல் பச்சை இழை தெரிகிற நாள் வரைக்கும். அது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரிந்தால் அதற்குப் பெயர் ஹிர்லும் இல்லை.

வாக்கியம் ஒன்றும் நினைவில் வரவில்லை. வேறு யாரையாவது கேள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஹவோட் லாஸ் பண்ணையில் அரசாங்கம் நட்ட மரங்கள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. வீடு எங்கே இருந்தது என்று இனி காட்ட முடியாது.

மைரிக்


அபெரிஸ்ட்வித்,
9 டிசம்பர் 1962

அன்புள்ள அண்ணா,

சரி, 'நீ'தான். பக்கெட் காலியாகத்தான் இருந்தது.

உன் கடிதத்தை மேசையில் வைத்து நான்கு பேர் படித்தார்கள். பெரியவர் ஒருவர் "இந்த மனுசன் பத்து வரியில எழுதினத நாம பத்து வருசமா எழுதிட்டு இருக்கோம்" என்றார். தலைக்கனம் பிடித்து அலையாதே.

லும் நம்முடையது மட்டும் இல்லை. கடலுக்கு அப்பால் அயர்லாந்துக்காரர்களும் வெறுமையை லோம் என்கிறார்கள். இரண்டு மொழியும் பிரிவதற்கு முன்பே இருந்த சொல் என்கிறார்கள் எங்கள் ஆட்கள். அதோடு ஹீர் எப்போது ஒட்டிக்கொண்டது என்று சொல்லத் தெரியவில்லை. புத்தகங்களில் தேடினால் அகப்படுவது குறைவு. எழுதத் தெரிந்தவர்கள் பசியோடு இருந்தது குறைவு என்பதாலோ என்னவோ.

தெற்கிலிருந்து வந்த சீட்டு ஒன்றில், சாவு வீட்டுக்கு ஆட்கள் வருவது நின்றுபோன பிறகு வரும் வாரங்களை ஒரு விதவை ஹிர்லும் என்றிருக்கிறாள். அதை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது அலுவலக விஷயம் அல்லாத ஒன்று.

நம் பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு சீட்டும் வந்திருக்கிறது. எலி பிடிக்கிற கிட்டோவை நினைவிருக்கிறதா? வயலில் மண் தள்ளும் அகழெலிகளைப் பிடிக்க வசந்தத்தில் பண்ணை பண்ணையாக வருவாரே. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், வயது எண்பத்தொன்று. மகள் எழுதிக்கொடுத்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்.

"நாப்பத்தேழு ஹிர்லும்ல ஊரே புல்லு புல்லுன்னு செத்துச்சு, டின் ரோஸ் மேல் கொட்டகையில மட்டும் மே மாசத்துலயும் என் நெஞ்சு மட்டத்துக்குப் புல்லு கெடந்துச்சு. மழைக்கு ஒதுங்கினப்ப நான் அதுமேலதான் படுத்துத் தூங்கினேன்."

இந்தச் சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கிட்டோவுக்கு வருடம் குழம்பியிருக்கலாம்.

லவ்ரி


டின் ரோஸ்,
18 டிசம்பர் 1962

லவ்ரி,

கிட்டோ எலிப் பொறியை எங்கே வைத்தோம் என்பதையே மறந்து தன் காலை விட்டுக்கொண்டவர். அவர் சொன்னதை அகராதியில் போட்டால் அகராதிக்குத்தான் கேவலம்.

வாத்து அனுப்பியிருக்கிறேன். பறித்துச் சுத்தம் செய்தாயிற்று. பஸ் டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

வடக்கிலிருந்து காற்று திரும்பியிருக்கிறது. வேலை இருக்கிறது.

மைரிக்


அபெரிஸ்ட்வித்,
6 ஜனவரி 1963

அண்ணா,

வாத்து வந்தது. நன்றாக இருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கும் பாதி கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிய பனி இங்கே கடற்கரையிலேயே நிற்கிறது. அங்கே எப்படி இருக்கும் என்று தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான்கு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை.

கிட்டோவுக்கு வருடம் குழம்பியிருக்கிறது என்று நீ எழுதவில்லை. கொட்டகையில் புல் இல்லை என்றும் எழுதவில்லை. அவரைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நினைவிருப்பதை நான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

1947 பிப்ரவரி இருபது. ஹவோட் லாஸிலிருந்து டெக்வின் உறைந்த ஓடை மேல் நடந்து நம் களத்துக்கு வந்தான். அவன் ஆடுகள் முந்நூற்றுப் பத்து. புல் தீர்ந்துவிட்டது. நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மைரிக், ஆறு சறுக்குவண்டிப் புல்லு குடு. கோடையில என் பள்ளத்து வயல நீயே வெட்டிக்க, மொத்தமும் உனக்குத்தான்."

நீ இல்லை என்றாய். பாதிக்குக் கீழே போய்விட்டது என்றாய். அவன் திரும்பிப் போனான். மார்ச் மாதப் பனிப்புயல் முடிந்தபோது அவனிடம் எழுபது ஆடுகள் மிஞ்சின.

மே தலைநாளில் எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, தேவாலய வாசலில் அவன் என்னைத் தனியாக நிறுத்தி அந்தப் புல்லைப் பற்றிக் கேட்டான். நம் கொட்டகைக் கூரையில் பனி உருகாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். உள்ளே நிறையப் புல் இருந்தால்தான் அப்படிக் கிடக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "எங்க அண்ணன் பொய் சொல்ற ஆளு இல்ல" என்றேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான். அடுத்த வாரம் ஆடுகளை விற்றான். ஷ்ரூஸ்பரி பக்கம் எங்கேயோ மாட்டுப் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் அண்ணனைச் சந்தேகப்பட்டவன் போனால் போகட்டும் என்று வீம்பாக இருந்தேன். வீம்பில் இரண்டு வாரம்தான் ஓடியது. அதற்கு மேல் அந்த ஜன்னலில் நின்று ஹவோட் லாஸைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் நானும் கிளம்பினேன்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. புல் இருந்ததா, அண்ணா?

லவ்ரி


டின் ரோஸ்,
3 பிப்ரவரி 1963

லவ்ரி,

உன் கடிதம் இருபத்தாறாம் தேதிதான் வந்தது. தபால்காரர் சுவரின் மேல் நடந்து வந்தார். சுவருக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பனி. ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்குக் கடிதம் எழுத வராது. நீ அனுப்பிய சீட்டில் இடம் கொஞ்சமாக இருந்தது, அது வசதியாகப் போயிற்று.

சொல்: ஹிர்லும்.

பொருள்: முன்பே எழுதியாயிற்று.

வாக்கியம்: "பாதிக்குக் கீழ போயிருச்சு டெக்வின். இந்த ஹிர்லும்ல எங்க ஆட்டுக்கே பத்தாது."

சொன்னவர்: மைரிக், டின் ரோஸ்.

இடம், நாள்: களத்து வாசல், 20 பிப்ரவரி 1947.

குறிப்பு: சொன்னவர் பதினெட்டு நாள் முன்பு அளந்திருந்தார். பாதிக்கு மேல் இரண்டு வெட்டு இருந்தது.

கோலில் அப்பா போட்ட வெட்டுகளைச் சொல்கிறேன். இரண்டு வெட்டு என்றால் பத்து வண்டிக்குக் குறையாது. அவன் கேட்டது ஆறு.

மேல் கொட்டகைப் பாதை ஐஸ், நீ வராதே, கீழே மாட்டையும் கோழியையும் பார்த்துக்கொள் என்று உன்னை நான் நிறுத்தி வைத்ததும் அதனால்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க உன்னை ஏற விடவில்லை.

பனி எப்போது நிற்கும் என்று தெரியாமல் பயந்தேன் என்று எழுதலாம். பயந்தது உண்மை. பயத்தில் இல்லை என்றவன் மார்ச் முதல் வாரமாவது மனசு மாறியிருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் அவன் ஆடுகள் கத்துவது ஓடைக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அப்போதும் நான் கொடுக்கவில்லை.

அவன் ஆடுகள் பிழைத்தால் மே தலைநாளில் நீ ஓடையைத் தாண்டிப் போய்விடுவாய். அம்மா போய், அப்பா போய், இந்த வீட்டில் நான் மட்டும் இருக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாதவன் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவான் என்று கணக்குப் போட்டேன். ஒரு வருடம், இரண்டு வருடம். அவ்வளவுதான் நினைத்தேன். ஒரேயடியாகப் போய்விடுவான் என்று நினைக்கவில்லை. நீயும் போவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நான் கொட்டகையில் பூட்டி வைத்தது புல்லை இல்லை, உன்னை. நீ பஸ் ஏறின அன்றைக்கு மழை பெய்தது. உன் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன்.

மிஞ்சிய புல் பூஞ்சை பிடித்தது. ஜூனில் எரித்தேன். புகையைப் பார்த்தவர்கள் புதர் எரிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

நேற்று மரியாள் திருநாள். இடுப்பளவு பனியில் ஏறிப் போய் அளந்தேன். பாதிக்கு மேல் மூன்று வெட்டு இருக்கிறது. இந்த வருடம் யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவேன். ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை. மரங்களுக்குப் புல் வேண்டாம்.

சீட்டைப் பெட்டியில் போட்டுவிடு. என் பெயரோடு போடு.

மைரிக்


அபெரிஸ்ட்வித்,
17 மார்ச் 1963

அண்ணா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆயிற்று. முதல் வாரம் நீ செத்துப்போயிருந்தால் தேவலை என்று நினைத்தேன். எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் நினைத்தேன். அலுவலகத்துக்குப் போய், சொற்களை வரிசைப்படுத்தி, வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் என் தலைக்குள் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் இருந்த வார்த்தைகள் எந்த அகராதியிலும் சேராது.

அதை அனுப்பாததற்குக் காரணம் உன் மேல் இரக்கம் இல்லை.

ஜனவரியில் உனக்கு எழுதிய கடிதத்தில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். தெரிந்துதான் விட்டேன். தேவாலய வாசலில் டெக்வின் என்னிடம் கேட்டது இதுதான்.

"லவ்ரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ அந்த மேல் கொட்டகைய உன் கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. பார்க்கவில்லை, வா, இப்போதே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். தேவாலயத்திலிருந்து கொட்டகைக்கு அரை மணி நேர நடை. அன்றைக்குப் பாதையில் ஐஸும் இல்லை.

"பாத்தேன். என் கையாலயே கோல் புடிச்சு அளந்தேன். இந்த ஹிர்லும்ல எங்களுக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நீகூடச் சொல்லச் சொல்லவில்லை. நம் வீட்டைப் பற்றி வெளி ஆள் ஒருவன் கேள்வி கேட்டதும் வார்த்தை தானாக வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவன் எனக்கு அந்த நிமிடத்தில் வெளி ஆளாகிவிட்டான். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பொய் என்று முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பான். அதனால்தான் பேசாமல் போனான். பதினாறு வருடமாக நான் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்ட விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். என்னை அருவருத்துத்தான் போனான்.

நீ புல்லை மறைத்தாய். அவன் போய்ப் பார்த்துவிடாமல் நான் வழியை மறித்து நின்றேன். உன்னிடம் மட்டும் கணக்குக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன், உன் பெயரோடு. அதற்குப் பின்னால் என் சீட்டையும் என் பெயரோடு வைத்தேன். கிட்டோவின் சீட்டு இரண்டுக்கும் முன்னால் இருக்கிறது. அச்சில் எது வரும், வராது என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். நீக்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

இங்கே பனி உருகிவிட்டது. அங்கே?

லவ்ரி


டின் ரோஸ்,
5 ஏப்ரல் 1963

லவ்ரி,

இன்று காலை கீழ் வயலில், ஓடை ஓரமாக, பச்சை தெரிந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், புல்தான். உங்கள் சீட்டுக்குத் தேதி வேண்டும் என்றால் குறித்துக்கொள். நாற்பது ஆடுகளை இழந்தேன். மற்றவை நிற்கின்றன. முதல் குட்டி நேற்றுப் பிறந்தது.

நீ சொன்ன பொய் எனக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும்.

1955-ல் டெக்வின் வந்தான். மரம் அப்போது இடுப்பளவுதான். அவன் வீட்டு வாசல்கல்லைத் தேடிப் பார்த்துவிட்டு இங்கே ஏறி வந்தான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று சொன்னான். தலை நரைத்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாய் என்றேன். புல்லைப் பற்றி அவனாகத்தான் பேச்சை எடுத்தான். டீயை மேசையில் கொட்டிவிட்டேன். அவன் சொன்னது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

"உன்ன கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன் மைரிக், மனசுல வச்சுக்காத. லவ்ரி தன் கையால அளந்தேன்னு சொன்னா. அதுக்கப்புறம் எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. வானம் கெடுத்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? வெறுங்கையோட நிக்கிறவன் அவளையும் இழுத்து இந்த லும்ல தள்ளக் கூடாதுன்னுதான் ஒண்ணும் சொல்லாம போயிட்டேன்."

அப்போதே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். டீயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று எட்டு கிறிஸ்துமஸ் அட்டைகளைக் கையில் எடுத்தேன். எழுதினால் என் பொய்யையும் எழுத வேண்டியிருக்கும் என்று கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினேன். இதையும் சொல்லாமல் விட்டால், நான் இன்னொரு தடவை கொட்டகையைப் பூட்டிய கதைதான்.

ஈஸ்டருக்கு பஸ் பாலம் வரை வருகிறது. வருவாய் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை பாலத்தில் நிற்பேன். வராவிட்டால் கோபம் இல்லை.

நீ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறாய். அவன் உன்னை அருவருத்துப் போகவில்லை, லவ்ரி. உன்னை நம்பித்தான் போனான்.

மைரிக்